இடது வளைவில் நேரே போகிறது, வலது வளைவில் சுழல்கிறது: எந்த ஸ்பிரிங் வாங்கலாம்?

கல்லடிப் பொடியன்:
என்னிடம் இருப்பது 1/10 அளவு ரிமோட் டூரிங் கார், நாலு சில்லும் இழுக்கிற வகை, பற்றரி இடப்பக்கம், மோட்டார் வலப்பக்கம். கல்லடியில் கொங்கிரீட் தரையில்தான் ஓட்டம். பெரிய பற்றரி போட்டதும் இடப்பக்கம் பதிந்து நின்றது, அதனால் பின் இடது ஷொக்கில் ஸ்பிரிங்கை அமத்துகிற வளையத்தை இறக்கி, அந்த மூலையை உயர்த்தி மட்டமாக்கினேன். பார்க்க நேராகத்தான் நிற்கிறது, ஆனால் இடது வளைவில் முழுக்க ஒடித்தாலும் மூக்கு வெளியே ஓடுகிறது, வலது வளைவில் கொஞ்சம் வேகம் கொடுத்தாலே பின்பக்கம் சுழல்கிறது. கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், எந்த ஸ்பிரிங் என்று சொல்லுங்கள்.

கல்முனை வேகம்:
பின்னுக்கு மென்மையான ஸ்பிரிங் போடுங்க மச்சான். பின் சில்லுகளின் பிடி கூடும், சுழலாது.

அக்கரைப்பற்று நானா:
தம்பி, காசை வைத்திருங்க. பின் ஸ்பிரிங் மென்மையானால் பின்பிடி கூடும்தான், ஆனால் இரண்டு பக்க வளைவிலும் கூடும், இடது வளைவில் உங்கட கார் இன்னும் மோசமாக நேரே போகும். ஒரு பக்கம் ஒரு மாதிரி, மற்றப் பக்கம் வேறு மாதிரி என்றால் முதலில் பாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகாது, அந்த மூலை உயர மட்டும் செய்யும். நாலு காலி மேசையில் ஒரு காலுக்குக் கீழே மட்டை வைத்தால் என்ன நடக்கும்? அந்தக் காலும் குறுக்கே எதிர்க் காலும்தான் பாரத்தைத் தாங்கும். உங்கட காரில் இப்போது பின் இடதும் முன் வலதும் அப்படி. இடது வளைவில் நேரே போவதும் வலதில் சுழல்வதும் அதனால்தான். இடப்பக்கத்து மொத்தப் பாரமோ ஒரு கிராமும் குறையவில்லை, வளையத்தால் அது குறையவும் மாட்டாது.

ஆகவே வளையங்களை இடமும் வலமும் ஒரே அளவுக்குக் கொண்டுவாங்க. பற்றரி, பொடி (மேல்கூடு) எல்லாம் போட்டு, ஒரே மாதிரி இரண்டு சமையலறைத் தராசில் இடது சில்லுகள் ஒன்றிலும் வலது சில்லுகள் மற்றதிலும் நிற்க வைத்துப் பாருங்க. குறைகிற பக்கத்தில் ரயர் கடையில் சில்லுக்கு ஒட்டுகிற பாரத் துண்டு, 5 கிராம் 10 கிராமில் கிடைக்கும், அதைச் சசியில் (காரின் அடித்தட்டில்) ஓரமாகவும் தாழ்வாகவும் ஒட்டுங்க. நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி ஒட்டுகிறீங்களோ அவ்வளவுக்குக் குறைந்த பாரம் போதும்.

கல்லடிப் பொடியன்:
தராசு ஒன்றுதான் இருக்கிறது நானா, அதையும் அம்மா தரமாட்டா. வேறு வழி?

அக்கரைப்பற்று நானா:
இருக்கு. மட்டமான தரை ஓட்டில் வைத்து ஷொக்கை நாலு தரம் அமத்தி விடுங்க, பிறகு முன் பக்கத்துச் சரி நடுவில் கத்தி முனையால் மெதுவாகத் தூக்குங்க. இரண்டு முன் சில்லும் ஒன்றாக எழும்ப வேண்டும், முந்தி எழும்புகிற சில்லில் பாரம் குறைவு. பின்பக்கமும் அப்படியே.

கல்லடிப் பொடியன்:
ஓம், இடது முன் சில்லுதான் முந்தி எழும்புது!

கல்முனை வேகம்:
சரி, நானா சொன்னதுதான். இன்னொன்று, கச்சான் என்கிற சூட்டுக் காற்று வீசுகிற நாளில் மத்தியானம் ஓட்டிப் பார்த்து முடிவு எடுக்காதீங்க, சூட்டில் ஷொக் எண்ணெய் இளகி வேறு கார் மாதிரி ஓடும். பின்னேரம் பாருங்க. பிறகும் ஸ்பிரிங் வாங்கத்தான் வேணும் என்றால் நிறத்தைச் சொல்லி வாங்க வேண்டாம், ஒரு கொம்பனியின் சிவப்பு மற்றதன் சிவப்பு இல்லை.