ஈசூன் குடும்பக் குழு

பெரியப்பா: 📷 மலர், காலையில் ரத்த அழுத்தம் எடுத்தேன். மேலே 148. ரொம்ப அதிகமா?

மலர்: பட்டையைச் சட்டைக் கைக்கு மேலேயே சுற்றியிருக்கிறீர்கள் பெரியப்பா, கையும் தொங்குகிறது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கையை மேசையில் வைத்து, பேசாமல் இரண்டு முறை எடுங்கள்.

பெரியப்பா: 137/84, அப்புறம் 135/82. எதை நம்புவது?

மலர்: இரண்டின் சராசரியை. நாடு முழுக்க அளக்கும்போதும் ஒரு தடவையோடு விடமாட்டார்கள். ஊர்ச் சராசரி இரண்டு புள்ளி நகர்ந்ததா என்று பார்க்கிற வேலை அது. ஆளுக்குப் பத்து புள்ளி தப்பாக எடுத்தால் ஒன்றும் தெரியாது.

கதிர்: இரண்டு புள்ளிக்கா அக்கா இவ்வளவு?

மலர்: ஆமாம்டா. 2002-இல் ஒரு மில்லியன் பேரின் தகவலைச் சேர்த்துப் பார்த்தார்கள். நடுவயதில் மேல் அளவு 2 குறைந்திருந்தாலே பக்கவாதத்தால் இறப்பது ஏறக்குறைய 10 விழுக்காடு குறைவு. தாத்தா நாலு வருடம் படுக்கையில் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். எனக்கு அந்த இரண்டு சின்னதாகத் தெரியவில்லை.

பெரியப்பா: உலகச் சராசரி 1975-இல் இருந்த மாதிரியேதான் இருக்கிறது என்று படித்தேனே. அப்புறம் என்ன?

மலர்: அங்கேதான் ஏமாறுகிறோம். 1975 முதல் 2015 வரை எடுத்த 1,479 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். பணக்கார நாடுகளில் சராசரி இறங்கியது, தென்கொரியாவில் நன்றாகவே. தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலும் ஏறியது. கூட்டி வகுத்தால் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் 594 மில்லியனிலிருந்து 1.13 பில்லியன் ஆகிவிட்டார்கள். மக்கள்தொகை கூடியதும், வயதானவர்கள் கூடியதும் பெரிய காரணம்.

கலா அத்தை: நம்ம சிங்கப்பூரில்?

மலர்: ரத்தக் கொதிப்பு 2017-இல் பெரியவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கு, 2021-22-இல் 37 பேருக்கு அத்தை. 

கதிர்: அடேயப்பா!

மலர்: உப்பையும் பாருங்கள். 2022-இல் இங்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு, உப்பில் இருக்கும் சோடியம் 3,620 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2,000-க்குள் இருக்கச் சொல்கிறது.

கலா அத்தை: நான் சமையலில் குறைத்துவிட்டேனே.

மலர்: சாஸ், ஊறுகாய், அப்பளம், கடையில் குடிக்கிற மீ (நூடுல்ஸ்) சூப் எல்லாம் கணக்கில் வரும் அத்தை. சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள்.

கலா அத்தை: சரிம்மா. இன்று மதியத்திலிருந்தே.

பெரியப்பா: பழைய டைரியை எடுத்துத் தேதி போட்டு எழுதிவிட்டேன். நாளைக் காலையும் இதே நேரத்தில் எடுத்துப் போடுகிறேன்.

மலர்: ஒரு வாரம் எழுதுங்கள் பெரியப்பா. பலதுறை மருந்தகத்துக்கு நானும் கூட வருகிறேன்.