புதுப்பிப்பு: புளியரையில் ஸ்டார்ட் ஆகாமல் நின்ற பழைய கார்
போன வாரம் எழுதிய அதே கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தருவது) வண்டிதான். செல்ஃப் சுற்றுகிறது, பிளக்கில் பொறி வருகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றேன். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப் போய்விட்டது என்று பலர் சொன்னீர்கள். நானும் செங்கோட்டை போய் புதுசே வாங்கிவிட்டேன். அவசரம்!

கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டதும் சில நொடி ஓடி அணைந்தது. சரி, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. அப்புறம், இன்ஜின் ஆறியபின், டேங்க் குழாயைக் கழற்றி, பம்பின் உறிஞ்சும் வாயிலிருந்து ஒரு குழாயைப் பெட்ரோல் பாட்டிலுக்குள் விட்டேன். பழைய பம்பிலேயே வண்டி சீராக ஓடியது. அப்படியானால் பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு டேங்க் பக்கம்.

டேங்க் பக்க ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு. உறிஞ்சும் பக்கம் என்பதால் பெட்ரோல் சொட்டாது, காற்றைத்தான் இழுக்கும். கசிவைத் தேடித் தேடி நான் ஏமாந்தது அதனால்தான். ஒன்றரை அடி குழாய், இரண்டு கிளிப், வேலை முடிந்தது. நேற்று ஆரியங்காவு ஏற்றத்தில் திணறவே இல்லை. புது பம்ப் டிக்கியில் கிடக்கிறது.