மறு: கூடைப்பந்தில் 'பொசெஷன்', 'பேஸ்' இரண்டுக்கும் என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இந்த இழையைத் தொடங்கியவர் ஒரு கட்டுரைக்காகத்தான் சொல் கேட்டார். அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களான ஆஸ்கர் ராபர்ட்சனையும் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கையும் ஒப்பிட்டு எழுத உட்கார்ந்தவர், இரண்டாவது பத்தியிலேயே 'பொசெஷன்', 'பேஸ்' என்ற இரண்டு சொற்களிடம் மாட்டிக்கொண்டார். வந்த பதில்களை எல்லாம் இன்று காலை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். எனக்குத் தோன்றுவதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'பொசெஷன்' என்றால் உடைமை. அகராதியிலேயே இருக்கிறது. 'பந்துடைமை' என்று வைத்துவிடலாம். 'பேஸ்' என்றால் ஆட்டவேகம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

ஐயா, இரண்டாவது சொல்லில்தான் எனக்குத் தயக்கம் அதிகம். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1961-62 பருவத்தில் என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் ஓர் அணி, 48 நிமிட ஆட்டத்தில் சராசரியாக 126 தடவை பந்தோடு தாக்கப் போனது என்று இன்று மதிப்பிடுகிறார்கள். 1998-99இல் அந்த எண் 89க்கு இறங்கியது. வெஸ்ட்புரூக் கலக்கிய 2016-17இல் சுமார் 96. இந்த எண்ணுக்குத்தான் 'பேஸ்' என்று பெயர். இதை 'ஆட்டவேகம்' என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? அந்தக் காலத்து ஆட்கள் வேகமாக ஓடினார்கள், பிற்காலத்தவர் மெதுவாக ஓடினார்கள் என்றுதான் நினைப்பார். 1999இல் ஆடியவர்களின் கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. பந்து கைக்கு வந்தபின் எறிவதற்குக் கிடைத்த 24 விநாடியில் பெரும்பகுதியைச் செலவழித்து, நல்ல இடம் அமையும்வரை காத்திருந்து எறிந்தார்கள். அதனால் தடவைகள் குறைந்தன. 1962இல் பந்து கைக்கு வந்ததும் எறிந்தார்கள். 100 எறிதலில் 43தான் கூடையில் விழுந்தது. 'வேகம்' என்ற சொல்லில் ஒரு பாராட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் எண்ணிக்கைக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால், ஒப்பீடு தொடங்கும் முன்பே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

24 விநாடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை வென்ற ஆட்டத்தின் முடிவு 19-18. முழு ஆட்டத்துக்கும் அவ்வளவுதான் புள்ளிகள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எறியாமலே நேரத்தைக் கடத்துவதைத் தடுக்க விதி இல்லாத காலம் அது. சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பையசோன் ஒரு கணக்குப் போட்டார். ரசிக்கும்படியான ஆட்டங்களில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 தடவை எறிகின்றன. 48 நிமிடம் என்பது 2,880 விநாடி. 120ஆல் வகுத்தால் 24. 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கடிகாரம் 1954-55இல் நடைமுறைக்கு வந்தது. ஆட்டத்தை நிமிடத்தால் அளக்காமல் தடவையால் அளக்கும் எண்ணம் அப்போதே அவருக்கு இருந்திருக்கிறது, பாருங்கள். நம் சொல்லும் அந்த எண்ணத்திலிருந்து பிறக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, இனி 'பொசெஷன்'.

> 'உடைமை' சொத்து மாதிரி ஒலிக்கிறது. வர்ணனையில் 'பந்து இப்போது பிரேசில் வசம்' என்று கேட்டிருக்கிறோமே, 'பந்துவசம்' போதாதா?

இதை எழுதிய அக்காவின் காது நல்ல காது. நானும் முதலில் இதற்குத்தான் கை தூக்குவதாக இருந்தேன். வடசொல் என்ற மறுப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை; 'வசம்' நம் வாயில் என்றோ கரைந்துவிட்ட சொல். தயக்கத்துக்குக் காரணம் வேறு. கால்பந்தில் 'பொசெஷன் 65 சதவீதம்' என்கிறார்கள். அங்கே அது ஒரு நிலை, மொத்த நேரத்தில் ஒரு பங்கு. அதற்குப் 'பந்துவசம்' அழகாகப் பொருந்துகிறது, அதற்கே வைத்துக்கொள்வோம். கூடைப்பந்தில் 'பொசெஷன்' என்பது ஓர் அணி பந்தோடு தாக்கப் போகும் ஒரு தடவை, எண்ணக்கூடிய ஒன்று. முதலாவது, இரண்டாவது, 96ஆவது என்று எண்ணுகிறோம். 'நூறு வசம்' என்று எண்ணத் தமிழ் இடம் கொடுக்கவில்லை. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது என்பதற்காக நாமும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை.

சடுகுடுவை நினைத்துப் பாருங்கள். இந்த அணியிலிருந்து ஒருவர் பாடிப் போய்த் திரும்பியதும், அந்த அணியிலிருந்து ஒருவர் பாடி வருகிறார். இரண்டு பக்கத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. கூடைப்பந்தும் இதேதான். பந்து உள்ளே விழுந்தாலும், எதிரணி ரீபவுண்ட் (தவறித் திரும்பும் பந்து) எடுத்தாலும், பறிகொடுத்தாலும் முறை மாறுகிறது. ஒரு முக்கியமான இடம்: எறிந்தது தவறி, அதே அணியே ரீபவுண்ட் எடுத்தால் முறை மாறுவதில்லை, பழையதே தொடர்கிறது. அதனால்தான் மதிப்பீட்டுச் சூத்திரத்தில் எறிதல்களோடு பறிகொடுத்தவற்றையும், ஃப்ரீ த்ரோக்களின் (எதிரணி விதிமீறினால் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு) எண்ணிக்கையில் 0.44 பங்கையும் கூட்டி, தன் எறிதல் தவறியபோது அதே அணி எடுத்த ரீபவுண்டுகளைக் கழிக்கிறார்கள். ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டாக வருவதால் ஒவ்வொன்றையும் ஒரு முறையாக எண்ண முடியாது, அந்த 0.44 அதற்காக.

மேலே என்னை அறியாமலே 'முறை' என்று எழுதியிருக்கிறேன். அதைத்தான் முன்மொழிகிறேன்.

முதலில் 'பந்துமுறை' என்று குறித்து வைத்திருந்தேன். மறுநாள் படித்தபோது 'செய்முறை', 'ஆட்சிமுறை' போல, பந்தை ஆடும் விதம் என்று ஒலித்தது. அப்புறம் நம்மிடம் முறை என்ற சொல் 'டர்ன்' என்ற பொருளில் எங்கே வருகிறது என்று தேடினேன். ஒரே காம்பவுண்டில் நாலு குடித்தனம் இருந்தால் வாசல் தெளிப்பது யார் என்பதற்கு 'முறைவாசல்'. வாய்க்காலில் தண்ணீர் பகிர்வதற்கு 'முறைப்பாசனம்'. அடுத்த முறைக்குத் தண்ணீர் எப்போது என்று விவசாயிகள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். இரண்டிலும் 'முறை' முன்னால் நிற்கிறது, இரண்டிலும் பொருளில் குழப்பமே இல்லை. ஆகவே 'முறைப்பந்து'. முறைக்குக் கிடைத்த பந்து. 'நூறு முறைப்பந்து' என்று தடையில்லாமல் எண்ணலாம். 'முறைப்பெண்' நினைவுக்கு வருமே என்று யாராவது கேட்கலாம். அது உறவுமுறை; முறைவாசல் தெளிக்கும்போது யாருக்கும் அது குறுக்கே வந்ததில்லை.

இதிலிருந்து 'பேஸ்' தானாகப் பிறக்கிறது: 'முறைவீதம்'. 48 நிமிடத்துக்கு எத்தனை முறைப்பந்து என்ற வீதம். தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் என்கிறோம், இலங்கையில் பிறப்பு வீதம் என்கிறார்கள். 'விகிதம்' நமக்கு 'ரேஷியோ'வுக்கும் வேண்டியிருப்பதால், இங்கே இலங்கை வழக்கே தெளிவு.

சொல் சரியாக இருக்கிறதா என்பதைக் கணக்கில் இறக்கித்தான் பார்க்க வேண்டும். ராபர்ட்சன் 1961-62இல் ஆட்டத்துக்கு 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடையில் போட உதவிய பாஸ்). வெஸ்ட்புரூக் 55 ஆண்டு கழித்து 31.6, 10.7, 10.4. மேலோட்டமாக இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரிகிறார்கள். ஆனால் ராபர்ட்சன் ஆட்டத்துக்கு 44 நிமிடம் களத்தில் இருந்தார். வெஸ்ட்புரூக் 35 நிமிடத்துக்கும் குறைவு. லீக்கின் சராசரி முறைவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 100 முறைப்பந்துக்கு ராபர்ட்சன் சுமார் 26 புள்ளி, வெஸ்ட்புரூக் சுமார் 45. ரீபவுண்டில் இது இன்னும் துலக்கம். 1961-62இல் ஓர் அணி ஆட்டத்துக்கு 71 ரீபவுண்ட் எடுத்தது, 2016-17இல் 43 அல்லது 44. தவறிய எறிதல் இருந்தால்தானே ரீபவுண்ட்? அன்று தவறியவை ஏராளம்.

அப்படியானால் வெஸ்ட்புரூக் பெரியவரா? இங்கேதான் அடுத்த முன்மொழிவை நான் அழுத்தமாக மறுக்கிறேன்.

> இப்படிச் சரிசெய்த புள்ளிக்கு 'மெய்ப்புள்ளி' என்று பெயர் வைக்கலாம். அதுதானே உண்மையான மதிப்பு?

வேண்டாம். வில்ட் சேம்பர்லினைப் பாருங்கள். அதே 1961-62இல் ஆட்டத்துக்கு 50.4 புள்ளி; மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100. முறைப்பந்துக் கணக்கில் அந்தப் பருவம் 100க்குச் சுமார் 40தான். மைக்கேல் ஜோர்டன் 37.1 எடுத்த 1986-87 பருவம் அதே கணக்கில் 44. சேம்பர்லினைக் கீழே இறக்கிவிட்டோம் என்று தோன்றும். ஆனால் அவர் 80 ஆட்டங்களில் 3,882 நிமிடம் ஆடினார். சராசரி 48.5, ஆட்டமே 48 நிமிடம்தான், மிச்சம் கூடுதல் நேரத்தில் சேர்ந்தது. ஓய்வே இல்லாமல் 127 முறைப்பந்தில் ஆடுகிறவனின் கடைசிப் பத்து முறைப்பந்தையும், இடையிடையே உட்கார்ந்து மூச்சு வாங்கி 70 முறைப்பந்தில் ஆடுகிறவனின் கடைசிப் பத்தையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? அந்த உடல்வலுவைச் சூத்திரம் அப்படியே வகுத்துத் தள்ளிவிடுகிறது. இன்னொன்று, மூன்று புள்ளிக் கோடு 1979-80இல்தான் வந்தது. ராபர்ட்சனும் சேம்பர்லினும் எவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தாலும் இரண்டுதான்.

அந்த 1961-62 பருவத்தில் ஆட்டக்காரர்களே வாக்களித்து யாரைச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தார்கள் தெரியுமா? ஆட்டத்துக்கு 19 புள்ளிக்கும் குறைவான சராசரி வைத்திருந்த பில் ரஸ்ஸலை. எதிரே நின்று ஆடியவர்களின் கண்ணுக்கு எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒன்று தெரிந்திருக்கிறது. தடுத்த பந்துகளை என்பிஏ அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1973-74இல்தான். ரஸ்ஸல் அதற்கு நான்கு ஆண்டு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். பதினொரு கோப்பை வென்றவரின் தலையாய திறமைக்குக் கணக்கே இல்லை. இப்படி இருக்கும்போது ஒரு வகுத்தல் விடைக்கு 'மெய்' என்று பெயர் சூட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம். 'சீராக்கிய புள்ளி' என்போம். செய்ததை மட்டும் சொல்கிறது, தீர்ப்பு எதையும் சொல்லவில்லை.

இதே காரணத்தால் 'எரா அட்ஜஸ்ட்மென்ட்' (வெவ்வேறு கால எண்களை ஒப்பிடச் சரிசெய்வது) என்பதற்கு 'சகாப்தச் சீரமைப்பு' வேண்டாம் என்கிறேன். 'ஒரு சகாப்தம் முடிந்தது' என்று நாம் எழுதுவது பெரியவர்கள் மறையும்போது. அந்தச் சொல்லில் மரியாதை ஏறிவிட்டது. சுமாராக ஆடிய காலமும் ஒரு காலம்தான். 'காலச் சீராக்கம்' போதும்.

ஒரு நடைமுறை வேண்டுகோளும் உண்டு. பறிகொடுத்த பந்துகளை அந்தக் காலத்தில் முறையாக எண்ணவில்லை. தாக்கும்போது எடுத்த ரீபவுண்டைத் தனியாகக் குறித்தது 1973-74 முதல். ஆகவே 1973-74க்கு முந்தைய முறைவீதம் எல்லாமே ஊகக் கணக்கு. கட்டுரையில் அவற்றின் பக்கத்தில் 'மதிப்பீடு' என்று கட்டாயம் சேர்க்க வேண்டும்.

கட்டுரையாளர் நண்பருக்கு, நீங்கள் மாட்டிக்கொண்ட வாக்கியத்தை இப்படி எழுதலாமா பாருங்கள்: "ராபர்ட்சன் ஆடிய பருவத்தில் முறைவீதம் 126 (மதிப்பீடு), வெஸ்ட்புரூக்கின் பருவத்தில் 96; காலச் சீராக்கம் செய்தால் 100 முறைப்பந்துக்கு முன்னவர் 26 புள்ளியும் பின்னவர் 45 புள்ளியும் எடுத்திருக்கிறார்கள்." வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கூடைப்பந்தே பார்க்காத என் மனைவி, "முறைப்பந்துன்னா அவங்கவங்க டர்னா?" என்று கேட்டாள். நான் விளக்கம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

'முறைவீதம்' பற்றி இலங்கை நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதினால் மகிழ்ச்சி.

அன்புடன்