டிஸ்சார்ஜ் நாளில்தான் சமூகப் பணியாளரை அழைக்க வேண்டுமா?

கேள்வி: மருத்துவ சமூகப் பணியாளர்

வணக்கம். மருத்துவமனை ஒன்றில் மூன்று ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். டிஸ்சார்ஜ் எழுதிய பிறகே பெரும்பாலும் எனக்கு அழைப்பு வருகிறது. பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் செயலிழந்த முதியவர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான், அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டிய மனைவிக்கே பார்வை மங்கியிருப்பதும், கழிப்பறைக்குப் படியிறங்கிச் செல்ல வேண்டியிருப்பதும் தெரியவந்தன. ஒரே பிற்பகலில் நான் என்ன செய்துவிட முடியும்? தொடக்கத்திலிருந்தே மருத்துவக் குழுவோடு இணைந்து பணியாற்ற வழி கண்டவர்கள் கூறுங்கள்.

மறுமொழி: பொது மருத்துவர்

உங்கள் வருத்தம் நியாயமானது. நீரிழிவு நோயுள்ள ஓர் அம்மாளுக்குச் சர்க்கரை குறையவில்லை என்று இன்சுலின் அளவை நான் மூன்று முறை கூட்டினேன். மருந்து மாதம் முழுவதும் வர வேண்டுமென்று அவர் பாதியளவே போட்டுக்கொண்டிருந்ததை எங்கள் சமூகப் பணியாளர்தான் கண்டறிந்தார். கூட்டிய அளவை அவர் ஒருநாள் முழுமையாகப் போட்டிருந்தால், சர்க்கரை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். அன்றுமுதல் காலை ரவுண்ட்ஸில் அந்தச் சமூகப் பணியாளர் எங்களோடு வருகிறார். நீங்களும் அழைப்புக்குக் காத்திராமல், வாரம் ஒருமுறையாவது ரவுண்ட்ஸில் கலந்துகொள்ள அனுமதி கேளுங்கள்.

மறுமொழி: சமூகப் பணித் துறை ஆசிரியர்

இந்த இடைவெளி பழையது. 1895இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் சமூகப் பணியாளராக நியமிக்கப்பட்டபோது, இலவச சிகிச்சைக்குத் தகுதியானவர் யார் என்று விசாரிப்பதே அவருடைய முதன்மைப் பணியாகக் கருதப்பட்டது. 1905இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் சமூகப் பணியாளரைத் தம்முடன் சேர்த்துக்கொண்டதோ, நோயாளியின் வீட்டுநிலை தெரியாமல் நோயைச் சரியாக அறியவோ குணப்படுத்தவோ இயலாது என்று உணர்ந்ததால். உங்களை இன்னும் முதல் வகையில் வைத்தே பார்க்கிறார்கள் போலும்.

கேஸ் ஷீட்டில் எழுதும் முறையும் முக்கியம். "குடும்பச் சூழல் சரியில்லை" என்பதால் மருத்துவருக்குப் பயனில்லை. "பகலில் துணையில்லை, மாலை ஆறு மணிக்குப் பிறகு மகள் ஊசி போடுவார்" என்றால் அவர் மருந்து நேரத்தையே மாற்றலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நோயாளி நம்பிக்கையோடு என்னிடம் மட்டும் சொன்னதை எவ்வளவு எழுதலாம்?

மறுமொழி: சமூகப் பணித் துறை ஆசிரியர்

சிகிச்சைக்குத் தேவையானதை மட்டும், அவருடைய ஒப்புதலோடு எழுதுங்கள். உயிருக்கு ஆபத்து இருந்தால் குழுவிடம் சொல்லியாக வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் தெரிவித்துவிடுங்கள்.