கோத்தே பி2 தேர்வைக் கணினியில் எழுதுவது: கேள்வியும் பதில்களும்

கேள்வி

வணக்கம். நர்ஸ் வேலைக்காக ஜெர்மனி வந்திருக்கிறேன். என் நர்ஸிங் படிப்பை இங்கே அங்கீகரிக்கும் நடைமுறைக்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலைச் சான்றிதழ் கேட்கிறார்கள். கோத்தே இன்ஸ்டிடியூட்டில் பதிவு செய்யப் போனால், இடம் இருக்கும் தேதிகளெல்லாம் "டிஜிட்டல்" என்றே காட்டுகிறது. இதுவரை பயிற்சி முழுக்கப் புத்தகத்திலும் பேனாவிலும்தான். கணினியில் எழுதினால் கஷ்டமாக இருக்குமா? சான்றிதழில் ஏதும் வித்தியாசம் வருமா? விவரம் தெரிந்த அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள்.

பதில்

சான்றிதழுக்கு மதிப்பு ஒன்றுதான். கேள்வி அமைப்பு, நேரம், மதிப்பெண் எதுவும் மாறாது. லேசென் (வாசிப்பு) 65 நிமிடம், ஹோரென் (கேட்டல்) சுமார் 40 நிமிடம், ஷ்ரைபென் (எழுத்து) 75 நிமிடம், ஷ்ப்ரெகென் (பேச்சு) ஏறக்குறைய 15 நிமிடம். மாட்யூல் எனப்படும் இந்த நான்கு பிரிவில் ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், 60 வந்தால் தேர்ச்சி. கணினி என்பது முதல் மூன்றுக்கு மட்டும். பேச்சுத் தேர்வு வழக்கம்போல நேரில், இரண்டு தேர்வாளர்களுக்கு முன்னால், இன்னொரு தேர்வருடன் சேர்ந்து நடக்கும். டிஜிட்டல் என்றதும் மைக்கைப் பார்த்துப் பேச வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது பல்கலைக்கழகத்தில் சேர எழுதும் டெஸ்ட்டாஃப் என்ற ஜெர்மன் தேர்வில்தான். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2019 முதல் இந்த பி2 தேர்வு மாட்யூல் முறையில் நடக்கிறது. ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். டூட்டி ஷிஃப்டுக்கு நடுவே படிக்கிறவர்கள் நான்கையும் ஒரே மூச்சில் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. லேசெனும் ஹோரெனும் முதலில், மற்ற இரண்டும் பிறகு என்று பிரித்துக்கொள்வது நல்ல வழி. ஆனால் நான்கு தனித்தனிச் சான்றிதழ்களாகக் கொடுத்தால் ஏற்பார்களா என்று உங்கள் மாநில அங்கீகார அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள். ஜெர்மன் தேர்வு நடத்தும் கோத்தே, டெல்க், ஓஎஸ்டி அமைப்புகளின் சான்றிதழ்களில் எதெது செல்லும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கோத்தே சான்றிதழுக்குக் காலாவதி தேதி கிடையாது. இருந்தாலும் பழைய சான்றிதழை ஏற்காத அலுவலகங்களும் முதலாளிகளும் உண்டு.

இனி லேசென். ஐந்து பகுதி, 30 கேள்வி. முதல் பகுதியில் நான்கு பேர் ஒரு தலைப்பில் எழுதியதைப் படித்து, 9 கூற்றுகளில் எது யாருடையது என்று சொல்ல வேண்டும். ஒரே ஆள் பல முறை வரலாம். இரண்டாவது, கட்டுரையில் விடுபட்ட 6 இடங்களுக்கு 8 வாக்கியங்களிலிருந்து எடுத்து வைப்பது. மூன்றாவது, செய்திக் கட்டுரை, 6 கேள்வி. நான்காவது, கருத்துகளைத் தலைப்புகளோடு பொருத்துவது, 6. ஐந்தாவது, ஏதோ ஒரு விதிமுறை ஆவணம், 3 பத்திகளுக்குத் தலைப்பு. 30இல் 18 சரியாக இருந்தால் 60 மதிப்பெண் வந்துவிடும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடாதீர்கள்.

ஸ்கிரீனில் என்ன சிக்கல் என்றால், தாளில் செய்வதுபோலக் கையில் பென்சிலோடு வரிக்கு வரி கோடு போட்டுக்கொண்டே போக முடியாது. நீளமான பத்தியை மேலும் கீழும் நகர்த்தும்போது கண் இடம் தவறும். முதல் பகுதியில்தான் இது அதிகமாக வதைக்கும். அதற்கு, நான்கு பேரையும் முழுதாகப் படித்துவிட்டுக் கேள்விக்குப் போகாதீர்கள். 9 கூற்றுகளை முதலில் படியுங்கள். பிறகு ஒருவர் எழுதியதைப் படித்து, அவருக்குப் பொருந்துவதையெல்லாம் சொடுக்கிவிட்டு அடுத்தவருக்குப் போங்கள். நான்கு நகர்த்தலில் வேலை முடியும். ஒவ்வொரு கூற்றுக்கும் நான்கு பேரையும் தேடிப் போனால் 18 நிமிடத்தில் முடிய வேண்டியது 25ஐத் தாண்டும். கடைசியில் அடிபடுவது ஐந்தாம் பகுதி. அங்கே 6 நிமிடம் போதும், ஆனால் அந்த 6 நிமிடம் மிச்சம் இருக்க வேண்டும். சட்ட மொழியைப் பார்த்து மிரளாதவர்கள் ஐந்தை முதலிலேயே முடித்துவிடலாம்.

காகிதத் தேர்வில் விடைகளைத் தனித்தாளுக்கு மாற்றி எழுதக் கடைசி 5 நிமிடம் போகும். கணினியில் அந்த வேலை இல்லை, ஆக 5 நிமிடம் லாபம். அதை மூன்றாம் பகுதியில் சந்தேகமாக விட்ட கேள்விகளுக்குச் செலவிடுங்கள்.

இன்னொருவரின் பதில்

லேசென் பற்றி மேலே சொன்னது போதும். டிஜிட்டலில் உண்மையாகவே மதிப்பெண் போகிற இடம் ஷ்ரைபென், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கீபோர்டு. ஜெர்மன் கீபோர்டில் இசட் எழுத்தும் ஒய் எழுத்தும் இடம் மாறியிருக்கும். இசட், டி (T) எழுத்துக்கும் யூ எழுத்துக்கும் நடுவே. ஒய், கீழ் வரிசை இடது ஓரம். பழகாத கை "நேரம்" என்ற ஜெர்மன் சொல்லைக்கூட ஒய் போட்டுத்தான் ஆரம்பிக்கும். மேலே இரண்டு புள்ளி வைத்த உம்லௌட் எழுத்துகளில் யூ-உம்லௌட் பி (P) எழுத்துக்கு வலப்பக்கம், ஓ-உம்லௌட் எல் எழுத்துக்கு வலப்பக்கம், அதற்கும் அடுத்தது ஏ-உம்லௌட். எஸ்ஸெட் (ß) எழுத்து பூஜ்யத்துக்கு வலப்பக்கம்; ஷிஃப்டோடு அழுத்தினால் அதுவே கேள்விக்குறி. சிறு கோடு வலது ஷிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் என்றால் விண்டோஸில் ஜெர்மன் கீபோர்டைச் சேர்த்து, விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸும் அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பட்டன்மேல் அச்சிட்டிருப்பது வேறாக இருக்குமே. மலிவான ஜெர்மன் கீபோர்டு ஒன்றை வாங்கி யூஎஸ்பியில் மாட்டிப் பழகுவதுதான் சரி. தேர்வுக்கு ஆறு வாரம் முன்பிருந்தே எழுத்துப் பயிற்சி அத்தனையும் அதில்தான் நடக்க வேண்டும்.

அடுத்தது பெரிய எழுத்து. போனில் தட்டிப் பழகியவர்களுக்கு ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் போனே பெரிய எழுத்தாக்கித் தந்துவிடும், பிழையையும் அதுவே திருத்தும். தேர்வில் அந்த உதவி எதுவும் கிடையாது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஷிஃப்ட் அழுத்துவது நீங்கள்தான். மரியாதையாக "நீங்கள்", "உங்கள்" என்பதற்கு வரும் ஸீ, ஈர், ஈனென் ஆகியவற்றுக்கும் பெரிய எழுத்து வேண்டும். இதை விட்டால் "அவர்கள்" என்று பொருள் மாறிவிடும். பயிற்சியின்போது திருத்தும் வசதி இல்லாத வெறும் நோட்பேடில் எழுதுங்கள்.

முதல் பணி, குறைந்தது 150 சொல்லில் ஒரு பொது விவாதத்துக்குக் கருத்து எழுதுவது, 60 மதிப்பெண். கேட்கப்படும் நான்கு அம்சங்கள் பெரும்பாலும் இப்படி வரும்: உங்கள் கருத்து, அதற்குக் காரணம், வேறு வழிகள், அந்த வழிகளின் நன்மைகள். முன்னுரையும் முடிவுரையும் தனியாக வேண்டும். இரண்டாவது பணி, குறைந்தது 100 சொல்லில் வேலை சார்ந்த முறையான கடிதம், பெரும்பாலும் மேலதிகாரிக்கு, 40 மதிப்பெண். இரண்டுக்கும் சேர்த்து 75 நிமிடம். 50, 25 என்று பிரிப்பது பரிந்துரை. மதிப்பிடுவது நான்கு அளவுகோலில்: கேட்டதைச் செய்தீர்களா, தொடர்ச்சி இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். முதல் அளவுகோலில் பூஜ்யம் வந்தால் அந்தப் பணி முழுவதும் பூஜ்யம். எவ்வளவு அழகாக எழுதினாலும் தலைப்பை விட்டு விலகினால் காப்பாற்ற ஆள் இல்லை.

கணினியில் எழுதும்போது மட்டும் வருகிற ஒரு வகைப் பிழை இருக்கிறது: பாதித் திருத்தம். பேனாவில் எழுதுகிறவர் யோசித்துவிட்டு எழுதுவார். கணினியில் முதலில் தட்டிவிட்டு அப்புறம் ஒரு சொல்லை மட்டும் மாற்றுவோம். "வைல்" என்பதை "டென்" என்று மாற்றினால் (இரண்டுக்கும் "ஏனென்றால்" என்றுதான் பொருள்) வினைச்சொல் கடைசியிலிருந்து இரண்டாம் இடத்துக்கு வர வேண்டும். அது பழைய இடத்திலேயே நிற்கும். "ஓப்வோல்" ("என்றபோதிலும்") எடுத்துவிட்டு "ட்ரோட்ஸ்டெம்" ("இருந்தாலும்") போட்டாலும் இதே கதை. ஆண்பால் பெயர்ச்சொல்லைப் பெண்பால் சொல்லாக மாற்றியிருப்பீர்கள், முன்னால் நிற்கும் ஆர்ட்டிகிளும் பெயரடை விகுதியும் அப்படியே கிடக்கும். ஒரு சொல்லை மாற்றினால் அந்த வாக்கியத்தை முழுதாக அழித்து மறுபடி தட்டுங்கள். நேரம் விரயம்போலத் தெரியும், ஆனால் 150 சொல்லுக்கு 50 நிமிடம் என்பது தாராளம்.

துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வருவது தமிழ்க் காதுக்குப் பழக்கமானது. "மழை பெய்வதால்" என்று நாம் முடிக்கிற இடத்தில்தான் அவர்களும் வினையை வைக்கிறார்கள். தமிழர் சறுக்குவது அதற்குப் பின்னால்: துணை வாக்கியம் முதலில் வந்தால், கமாவுக்கு அடுத்த சொல்லே முதன்மை வாக்கியத்தின் வினையாக இருக்க வேண்டும். அங்கே எழுவாயை வைத்துவிடுகிறோம். கடைசி 8 நிமிடத்தில் கமாவை மட்டும் தேடிப் பாருங்கள். இலக்கணப் பிழைகளில் பெரும்பகுதி அதன் இருபுறமும்தான் பதுங்கியிருக்கும்.

கடிதத்தில் இரண்டு சின்ன விஷயம், ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பழகியவர்கள் தவறாமல் விழுகிற குழி. "ஸேயர் கேயெர்ட்டே ஃப்ராவ்" (மதிப்பிற்குரிய அம்மையீர்) என்று விளித்துக் கமா போட்டபின், அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்கும், முதல் சொல் பெயர்ச்சொல்லாகவோ மரியாதை "நீங்க"ளாகவோ இருந்தால் தவிர. முடிவில் "மிட் ஃப்ராய்ண்ட்லிஹென் க்ரூஸென்" (அன்பான வணக்கங்களுடன்) என்பதற்குப் பிறகு கமாவே கிடையாது.

கேள்வி

பயனுள்ள பதில்கள், நன்றி. எனக்கு ஒரு சந்தேகம். பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான், சர்நேம் இடம் காலி. பதிவுப் படிவம் இரண்டு பெயரும் கட்டாயம் என்கிறது. அப்பா பெயரைப் போடலாமா? ஹோரென் பகுதியில் ஹெட்போனா, ஸ்பீக்கரா?

பதில்

பாஸ்போர்ட்டில் இல்லாத பெயரைச் சேர்க்காதீர்கள் தம்பி. சான்றிதழில் வரும் பெயர் பாஸ்போர்ட்டோடும் குடியிருப்பு அட்டையோடும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் பின்னால் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நிரூபிக்கக் காகிதம் தேடி அலைய வேண்டியிருக்கும். படிவத்தை அனுப்பும் முன் பாஸ்போர்ட் பக்கத்தையும் அட்டையையும் ஸ்கேன் செய்து தேர்வு மையத்துக்கு அனுப்பி, எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று கேளுங்கள். தேர்வு நாளில் மூல அடையாள ஆவணத்தைத்தான் பார்ப்பார்கள், நகல் செல்லாது. இனிஷியல் விரித்து எழுதிய பாஸ்போர்ட்காரர்களுக்கும் இதேதான் விதி.

ஒலி ஹெட்போனில் வரும். அது டிஜிட்டலின் பெரிய வசதி, பின் வரிசையில் உட்கார்ந்தோம் என்ற கவலை இல்லை. தொடங்கும் முன் ஒலியைச் சோதிக்கச் சொல்வார்கள், அப்போதே அளவைச் சரிசெய்யுங்கள். ஒரு காதில் மட்டும் கேட்டால், கரகரத்தால், அந்த நொடியே கை தூக்குங்கள். ஸ்கிரீன் உறைந்தாலும் அப்படியே. கண்காணிப்பாளர் அதைத் தேர்வுக் குறிப்பேட்டில் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தபின் வீட்டிலிருந்து அனுப்பும் புகாருக்கு, குறிப்பேட்டில் ஒன்றும் இல்லையென்றால் பலம் குறைவு.

ஹோரென் நான்கு பகுதி, 30 கேள்வி. முதல் பகுதியின் ஐந்து சிறு உரையாடல்களும், மூன்றாம் பகுதியின் பலர் கலந்துகொள்ளும் வானொலிப் பேச்சும் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். இரண்டாம் பகுதி நேர்காணலும் நான்காம் பகுதி உரையும் இரண்டு முறை. மூன்றாம் பகுதியில் "யார் சொன்னது" என்பதுதான் கேள்வி; தொடக்கத்தில் ஒவ்வொருவரும் அறிமுகமாகும்போதே குரலையும் பெயரையும் மனதில் இணைத்துவிட வேண்டும். தவறவிட்ட கேள்வியை அங்கேயே ஊகத்தில் சொடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பின்னால் போய் யோசிக்கிற நேரத்தில் இரண்டு விடை நழுவிவிடும்.

இன்னொருவரின் பதில்

ஷ்ப்ரெகென் பற்றி யாரும் சொல்லவில்லையே. தயாரிப்புக்கு 15 நிமிடம், இரண்டு பகுதிக்கும் சேர்த்து. முதல் பகுதி சுமார் 4 நிமிட உரை: தரப்படும் இரண்டு தலைப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பல வகைகளைச் சொல்லி, ஒன்றை விரித்து, நன்மை தீமையை எடைபோட வேண்டும். பிறகு கேள்விகள். இரண்டாம் பகுதி சுமார் 5 நிமிட விவாதம். என் பரிந்துரை 9 நிமிடம் உரைக்கு, 6 விவாதத்துக்கு. குறிப்பில் வாக்கியம் எழுதாதீர்கள், குறிச்சொல் போதும்; வாக்கியம் இருந்தால் கண் தாளிலேயே நின்றுவிடும். எதிரில் இருப்பவர் பேசத் திணறினால் உங்களுக்கு மதிப்பெண் குறையாது, ஆனால் நீங்களே பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தால் அது விவாதம் ஆகாது. கேள்வி கேட்டு அவரை உள்ளே இழுங்கள்.

உச்சரிப்புக்கும் மதிப்பெண் உண்டு. யூ-உம்லௌட், ஓ-உம்லௌட் இரண்டும் தமிழில் இல்லாத ஒலிகள்: "ஈ" சொல்லும் நாக்கோடு உதட்டை மட்டும் "ஊ"வுக்குக் குவித்தால் முதலாவது வரும், "ஏ" நாக்கோடு "ஓ" உதடு என்றால் இரண்டாவது. குறில் நெடில் வேறுபாடு நமக்கு இயல்பாகவே உண்டு, ஜெர்மனுக்கு அது பெரிய சொத்து.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. ஐடி வேலையில் புளூ கார்டோடு (பட்டதாரி வேலைக்கான அனுமதி) வந்தவர்கள் நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்காக பி2 எழுதக் கிளம்பாதீர்கள். அதைவிடக் கீழ் நிலையான பி1 இருந்தால் 21 மாத வேலையிலும், ஆரம்ப நிலையான ஏ1 இருந்தால் 27 மாத வேலையிலும் அந்த அட்டை கிடைக்கும். ஜெர்மன் வழிப் பட்டப் படிப்புக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் டெஸ்ட்டாஃபில் நான்கு பிரிவிலும் 4, அல்லது பல்கலைக்கழகங்களே நடத்தும் டிஎஸ்ஹெச் தேர்வில் இரண்டாம் நிலை (டிஎஸ்ஹெச்-2) கேட்கும். அங்கே பி2 பொதுவாகப் போதாது. டாக்டர்களுக்கு பி2வுக்கு மேல் மருத்துவ மொழித் தேர்வு தனியாக உண்டு. தேவை பி2தான் என்று உறுதியானவர்கள், கோத்தே தளத்தில் இலவசமாக இருக்கும் மாதிரித் தேர்வைத் தேதி பதிவு செய்யும் முன்பே கணினியில் கடிகாரம் வைத்து ஒரு முறை செய்து பாருங்கள். ஏதாவது மாட்யூல் 50க்குக் கீழே நின்றால், அதை மட்டும் இரண்டு மாதம் தள்ளிப் பதிவு செய்யலாம்.