டயர் இயலுக்கு இரண்டு சொற்கள் தேவை: அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர்

சேலம், பாலிடெக்னிக் ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். ஆட்டோமொபைல் பட்டயப் படிப்புக்கான தமிழ்ப் பாடநூலில் டயரும் ஸ்டியரிங்கும் பற்றிய இயலை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். மற்றவை முடிந்துவிட்டன, அண்டர்ஸ்டியரும் ஓவர்ஸ்டியரும் மட்டும் நிற்கின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் வளைவின் வெளிப்பக்கம் அகன்று போவது முதலாவது. திருப்பியதற்கும் மேலாகத் திரும்பிவிடுவது இரண்டாவது. குறைதிருப்பம், மிகைத்திருப்பம் என்று எழுதி வைத்திருக்கிறேன். வகுப்பில் சொன்னதும், "ஓட்டுநர் குறைவாகத் திருப்பிவிட்டாரா?" என்று மாணவர்கள் கேட்டார்கள். குற்றம் ஓட்டுநர்மேல் போய்விடுகிறது. உதவுங்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, முதலில் புணர்ச்சியைப் பார்ப்போம். 'குறைதிருப்பம்' குறைகுடம்போல வினைத்தொகை. வல்லினம் மிகாதது சரியே. ஆனால் 'மிகை' பெயர்ச்சொல். ஒன்று வினையிலும் மற்றது பெயரிலும் தொடங்கினால் இணைச்சொற்கள் இணையாக நில்லா. 'மிகுதிருப்பம்' என்க.

இயலின் தலைப்பிலேயே 'டயர்' நிற்பதும் உறுத்துகிறது. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரான உமணரின் வண்டி உருளியை, அதாவது சக்கரத்தை, சொல்லுமிடத்தில் "கொழுஞ்சூட்டு அருந்திய திருந்துநிலை ஆரத்து" என்று வருகிறது. ஆரக்கால்களைச் சுற்றி நிற்கும் வட்டையே, அதாவது சக்கரத்தின் வெளிவளையமே, சூட்டு. ஆரங்கள் அதைச் சூடியிருப்பதால் அப்பெயர் பெற்றது என்பது என் துணிபு. தரை தொடும் உறுப்புக்குச் சங்கப் பெயர் இருக்க நாம் ஏன் இரவல் வாங்க வேண்டும்?

சென்னை, டயர் ஆய்வுப் பொறியாளர்:

ஐயா, சூட்டு அழகான சொல். ஆனால் இதே இயலில் டயர் சூடாவதைப் பற்றி ஒரு பகுதி உண்டு. 'சூட்டின் சூடு கூடும்போது' என்று எழுதினால் மாணவர் என்ன செய்வார்? டயர் தமிழாகிவிட்டது, அதை விட்டுவிடுவோம்.

ஆசிரியையின் கவலை நியாயமானது. நடப்பதைச் சொல்கிறேன். டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். வளைவில் பக்கவிசை வரும்போது அந்த இடத்து ரப்பர் பக்கவாட்டில் திரிந்துகொடுக்கிறது. ஆகவே சக்கரம் நோக்கும் திசை ஒன்று, அது உண்மையில் போகும் திசை வேறு. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணமே ஸ்லிப் ஆங்கிள். 'வழுக்கு கோணம்' என்று எழுதிவிடாதீர்கள், அம்மா. சாதாரண வேகத்தில் எதுவும் வழுக்குவதில்லை. 'விலகுகோணம்' பொருந்தும். முன்சக்கரங்களின் விலகுகோணம் பின்சக்கரங்களுடையதைவிடப் பெரிதானால் அண்டர்ஸ்டியர். பின்சக்கரங்களுடையது பெரிதானால் ஓவர்ஸ்டியர். ஓட்டுநர் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினார் என்பது இதில் வரவே இல்லை. அதனால் நான் 'முன்விலகல்', 'பின்விலகல்' என்பேன்.

கோயம்புத்தூர், பட்டறை நடத்துபவர்:

எங்கள் பட்டறையில் யாரும் 'திருப்பு' என்பதில்லை, 'ஒடி' என்பார்கள். "இடது பக்கம் ஒடி" என்றால் எந்த ஓட்டுநருக்கும் புரியும். குறையொடிப்பு, மிகையொடிப்பு என்று வைக்கலாமே? அல்லது வாடிக்கையாளர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்: முன்னால் 'தள்ளுகிறது', பின்னால் 'வீசுகிறது'. முன்தள்ளல், பின்வீச்சு. பின்டயர் மொட்டையாகி மழையில் வண்டி சுழன்றுபோய் வந்தவரிடம் 'பின்வீச்சு' என்றால் போதும், விளக்கமே வேண்டாம். புது டயர் இரண்டு மட்டும் வாங்கினால் பின்னால் மாட்டுங்கள் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணமும் அதுதான். முன்னால் பிடி குறைந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்னால் போனால் பெரும்பாலோருக்குக் கை வராது.

யாழ்ப்பாணம், மொழிபெயர்ப்பாளர்:

எங்களிடம் ஸ்டியரிங் சுக்கான்தான். கடலோடிகள் வழியாக வந்த சொல். சுக்கானைத் திருப்புவது ஒன்று, கலம் திரும்புவது வேறொன்று என்பதைக் கடலில் போகும் எவரும் அறிவர். ஆசிரியை கேட்கும் வேறுபாடு அச்சொல்லிலேயே இருக்கிறது. குறைசுக்கான், மிகுசுக்கான் என்று பரிசீலியுங்கள்.

மதுரை:

சுக்கான் அரபுச் சொல். வலவன் என்று தேர் செலுத்துபவனுக்குப் பெயர் வைத்த மொழியில்…

யாழ்ப்பாணம்:

ஐயா, வலவன் ஆள், சுக்கான் கருவி. ஆளுக்கான பெயரால் கருவியைக் குறிக்க முடியாது. மீனவர் வாயில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் சொல்லைப் பிறப்பு பார்த்து வெளியே நிறுத்துவதை நான் ஏற்கவில்லை.

சென்னை:

பட்டறை நண்பருக்கு: தள்ளலும் வீச்சும் பிடி விடும் எல்லையில் மட்டும் தெரிபவை. அண்டர்ஸ்டியர் அதற்கு வெகு முன்பே, நிதானமான வளைவிலேயே இருக்கிறது. பெரும்பாலான கார்களை அப்படித்தான் வடிவமைக்கிறார்கள்.

காற்றழுத்தம் மட்டுமே இதை மாற்றிவிடும் என்பதற்கு அமெரிக்காவின் செவ்ரோலே கார்வேர் சான்று. 1960 மாடலாக வந்த அந்தக் காருக்குப் பின்புறம் எஞ்சின். பின்பக்கம் கனம் கூடியதால் ஓவர்ஸ்டியர் பக்கம் சாயும். அதை ஈடுகட்ட முன்டயருக்கு 15, பின்டயருக்கு 26 பவுண்டு அழுத்தம் வைக்கச் சொன்னார்கள். முன்டயரைத் தளர்த்தி அதன் விலகுகோணத்தை வேண்டுமென்றே கூட்டும் வழி அது. நான்கிலும் ஒரே அளவு காற்றடித்தால் ஏற்பாடு குலைந்துவிடும். கார்களின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி 1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய நூல் இந்தக் காரிலிருந்துதான் தொடங்குகிறது. முன்னே ரேடியலும் (உள்ளிழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் டயர்) பின்னே பழைய குறுக்கிழை டயரும் (இழைகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் டயர்) மாட்டக் கூடாது என்பதும் இதே கணக்குத்தான். ரேடியலின் பட்டை விறைப்பானது, குறைவாக விலகும். குறுக்கிழை அதிகம் விலகும்.

சேலம்:

அனைவருக்கும் நன்றி. இன்னொரு சிக்கல். திருப்பிய ஸ்டியரிங் தானே நேருக்கு வரச் செய்யும் விசை இருக்கிறதே, அதற்கும் சொல் வேண்டும். பள்ளி இயற்பியல் நூலில் டார்க் என்பதற்குத் 'திருப்பு விசை' என்று இருக்கிறது. ஒரே பக்கத்தில் குறைதிருப்பமும் திருப்பு விசையும் வந்தால் குழப்பம்.

சென்னை:

அதை 'நேர்மீள் முறுக்குவிசை' என்று எழுதுங்கள். பக்கவிசை தொடுபரப்பின் நடுவில் விழாமல் சற்றுப் பின்தள்ளி விழுவதால் அது பிறக்கிறது. பிடியின் எல்லை நெருங்க நெருங்க அந்த இடைவெளி சுருங்கும். ஸ்டியரிங் கையில் இலேசாகும். டயர் கொடுக்கும் எச்சரிக்கை அது. மாணவர்களுக்கு இதை விளக்க ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

மதுரை:

நேர்மீள் நன்று. இதற்கு நான் உடன்படுகிறேன்.

சேலம்:

வெள்ளி நெருங்கிவிட்டது. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் குறைதிருப்பம், மிகுதிருப்பம் என்கிறார்கள். அவற்றையே இடுகிறேன். வரையறையில் 'வண்டியின்' என்ற சொல்லை முதலில் வைத்து, ஓட்டுநரின் திருப்பல் அன்று என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஸ்லிப் ஆங்கிள் விலகுகோணம் ஆகிறது. தலைப்பில் டயர் டயராகவே நிற்கும். மதுரை ஐயா பொறுத்தருள வேண்டும். சுக்கானை இலங்கை வழக்கு என்று சொல்லடைவில் தருகிறேன்.

சென்னை:

முடிவை மதிக்கிறேன், உடன்பாடு இல்லை. 'பின்டயரில் காற்று குறைந்தால் என்ன ஆகும்?' என்று தேர்வில் கேட்பீர்கள். காற்று குறைந்த டயர் அதிகம் விலகும் என்று தெரிந்த மாணவர் 'பின்விலகல்' என்ற சொல்லிலிருந்தே விடையை எட்டிவிடுவார். 'மிகுதிருப்பம்' என்றால் மனப்பாடம்தான் செய்ய வேண்டும். அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுதுவேன்.