6 மீட்டர் பாறைக்கு 9 லட்சம் ஆண்டு: கணக்கு எங்கே இடிக்கிறது?

களிமண்கோடு:
முதுகலை நிலவியல் படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்காக ஆழ்துளையிலிருந்து எடுத்த கோர் (உருளை வடிவப் பாறை மாதிரி) ஒன்றை அளந்துகொண்டிருக்கிறேன். மேலே ஒரு எரிமலைச் சாம்பல் அடுக்கு, கீழே இன்னொன்று, நடுவில் சரியாக 6 மீட்டர் படிவுப் பாறை. இரண்டு சாம்பலிலும் உள்ள ஜிர்கான் (வயது கணிக்க உதவும் கனிமம்) படிகங்களின் வயதுக்கு இடையே 9 லட்சம் ஆண்டு வித்தியாசம். வகுத்துப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 1,500 ஆண்டு.

சிக்கல் என்னவென்றால், நடுவில் 40 சென்டிமீட்டருக்கு ஒரு மணற்கல் அடுக்கு இருக்கிறது. அலை வரிகள் அப்படியே தெரிகின்றன, புயல் கொண்டுவந்து கொட்டிய மணல் என்கிறார்கள். என் கணக்குப்படி அதற்கு 60,000 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அறுபதாயிரம் ஆண்டு அடித்த புயலா? இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.

மணற்படுகை:
களிமண் அமுங்குவதைச் சேர்த்தீர்களா? சேறாக இருந்தபோது இருந்த தடிமன் வேறு, பாறையான பிறகு இருக்கும் தடிமன் வேறு.

கோர்பெட்டி:
அமுங்கியதைச் சேர்த்தாலும் சில மடங்குதான் மாறும். இது அப்படித் தீர்கிற வித்தியாசம் இல்லை.

தம்பி, உங்கள் வகுத்தலில் தப்பில்லை. காலம் முழுவதும் பாறைக்குள் பரவிக் கிடக்கிறது என்று வைத்துக்கொண்டீர்களே, அங்கேதான் இடிக்கிறது. அந்த 40 சென்டிமீட்டர் சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ விழுந்திருக்கும். 60,000 ஆண்டு மணலுக்குள் இல்லை. மணலுக்கு அடியில் பென்சில் கோடு போலத் தெரிகிற எல்லையில் அதைவிட அதிகமாகக்கூட இருக்கலாம்.

நான் பல ஆண்டுகளாகக் கோர் பதிவு செய்கிறேன். தடிமனான அடுக்கைவிட அந்தக் கோட்டுக்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன். கோரை நனைத்து, லென்ஸை வைத்து, மணலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். களிமண்ணுக்குள் பிராணிகள் தோண்டிய வளைகள் விரல் பருமனில் இறங்குகின்றனவா? மேலே உள்ள அதே மணல் அவற்றில் நிரம்பியிருக்கிறதா? வளையின் சுவர் கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக இருக்கிறதா? ஒருமுறை அப்படி ஒரு சுவரில் நண்டு போன்ற ஏதோ ஒன்று கீறிய வரிகளையே பார்த்தேன். குழைந்த சேற்றில் கீறல் நிற்காது. அந்தப் பிராணி தோண்டும்போதே களிமண் இறுகிப்போயிருந்தது. இறுக வேண்டுமென்றால் அது ஒரு காலத்தில் புதைந்திருக்க வேண்டும், பிறகு மேலே இருந்த சேறெல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். வந்து சேர்ந்ததும் போய்விட்டது, அது இருந்த காலமும் போய்விட்டது. மிச்சம் ஒரு கோடு.

இது உங்கள் கோருக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. 1981-இல் பீட்டர் சாட்லர் என்ற நிலவியலாளர் கிட்டத்தட்ட 25,000 படிவு வேகங்களைத் தொகுத்தார். அளக்கும் கால அளவு நீள நீள, சராசரி வேகம் குறைந்துகொண்டே போனது. நீண்ட காலத்தை எடுத்தால் அதற்குள் சிக்கும் இடைவெளிகளும் பெரிதாகும் என்பதுதான் காரணம். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் சேறு சேர்கிற இடம் அப்படியே நீடித்தால் பத்து லட்சம் ஆண்டில் 10 கிலோமீட்டர் பாறை நிற்க வேண்டும். எங்கே நிற்கிறது?

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் முவாவ் சுண்ணாம்புக்கல் கேம்பிரியன் காலத்தது. அதன் மேல் டெவோனியன் பாறை, அதுவும் இல்லாத இடத்தில் இன்னும் இளைய ரெட்வால் சுண்ணாம்புக்கல். கேம்பிரியனுக்கும் டெவோனியனுக்கும் நடுவில் வர வேண்டிய ஆர்டோவிசியன், சிலூரியன் காலப் பாறை இரண்டும் மொத்தமாக இல்லை. பத்து கோடி ஆண்டுக்கு மேல் காணோம், ஆனால் அடுக்குகள் பெரும்பாலும் கிடைமட்டமாக ஒன்றன்மேல் ஒன்று சாதுவாகப் படுத்திருக்கின்றன. ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயிண்டில் 1788-இல் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் பார்த்தது போல் செங்குத்தாக நிற்கும் பாறையின் மேல் சாய்ந்த பாறை இருந்தால் யாருக்கும் தெரியும். இந்த மாதிரி இணையான இடைவெளிதான் ஏமாற்றும்.

மணற்படுகை:
அப்படியென்றால் பாறைப் பதிவை நம்பவே முடியாதா?

கோர்பெட்டி:
நம்பலாம், எந்த அளவில் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டு. 'ஒவ்வொரு பத்து லட்சம் ஆண்டுக்கும் ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டால் பல இடங்களில் ஆம் என்றே பதில் வரும். 'ஒவ்வொரு ஆண்டுக்கும்' என்றால் அநேகமாக எங்கும் இல்லை. ஓரிடத்தில் அரித்துப்போன காலத்துக்கு வேறொரு படுகையில் பாறை இருக்கலாம், சாம்பலும் புதைபடிவங்களும் அவற்றை ஒன்றோடொன்று பொருத்த உதவும்.

ஏரிப்படிவு:
'அநேகமாக' என்றது சரி. ஜப்பானின் சுய்கெட்சு ஏரியில் படிவின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒரு மெல்லிய அடுக்காகவே கிடைத்திருக்கிறது. அந்த ஆண்டு அடுக்குகள் சுமார் 70,000 ஆண்டு வரை போகின்றன. அங்கேயும் சில பகுதிகளில் அடுக்கு மங்கலாக இருப்பதால் விட்டுப்போனதைக் கணித்துத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. ஆழ்கடல் அமைதியான இடம்தான், ஆனால் பழைய கடல்தளம் புவிக்குள் இறங்கிவிடுவதால் இன்றைய பெருங்கடல்களில் 20 கோடி ஆண்டுக்கு முந்தைய தரை அநேகமாக மிச்சமில்லை.

களிமண்கோடு:
கோர்பெட்டி அண்ணா, இன்று காலை நனைத்துப் பார்த்தேன். மணலுக்கு அடியில் மூன்று வளைகள், சுவர் கூர்மையாக இருக்கிறது. அந்த எல்லையை ஒட்டியே கரும்பச்சை மணிகள் தூவினாற்போல் இருக்கின்றன. கிளாகோனைட்டா?

கோர்பெட்டி:
பெரும்பாலும் அதுதான், மெல்லிய சீவல் வெட்டி நுண்ணோக்கியில் உறுதிசெய்துவிடுங்கள். சேறு வராமல் கடல்தளம் வெறுமனே கிடந்த காலத்தில் மெல்ல மெல்ல உருவாகிற கனிமம் அது. முற்றிய கரும்பச்சை வர ஆயிரக்கணக்கில் இல்லை, லட்சக்கணக்கில்கூட ஆண்டு ஆகலாம். அப்புறம் ஆறு மீட்டரிலும் இதே மாதிரி இன்னும் எத்தனை கோடு இருக்கிறது என்று எண்ணிவிட்டு எழுதுங்கள்.